இடது புருவம்

பாத்தது போதும்மா, கேட்டுரு. தேனியில ஏறுனதுலருந்து நாலு தடவ பாத்துட்ட, நாலு தடவயும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட. கேட்டா நான் என்ன கடிச்சா வச்சுருவேன்? எல்லாரும் இப்படித்தான். மொதல்ல வலது புருவத்தப் பாப்பாங்க, அப்பறம் இடது புருவத்தப் பாப்பாங்க, அப்பறம் என் தோட்டப் பாத்த மாதிரி, "தோடு நல்லாருக்கே, எங்க எடுத்தீங்க"ம்பாங்க. தோடு கவரிங்கு. அத எவ கேட்டா.

ஆமா, ரெண்டும் ரெண்டு மாதிரிதான் இருக்கு. வலது சிலேட்டுக் கலரு. இடதுல மூக்குப் பக்கம் கொஞ்சம் இருக்கு, நடுவுல வெறும் தோலு, ஓரத்துல ஒரு புள்ளி. பொறந்ததுலருந்து இப்படி இல்ல. செஞ்சது. பச்ச குத்துற மாதிரி, தோல லேசாக் கீறி மை ஏத்துறது. பர்மனெண்ட் மேக்கப்புன்னு பேரு. பர்மனெண்டு. அந்தப் பேர வச்சவன் மட்டும் என் கையில கெடச்சான்னா இருக்கு அவனுக்கு.

ஒன்னோட புருவம் ஒரிஜினலா? நூலு போடுறியா. போட்டுக்க. நூலோட நிறுத்திக்க.

செஞ்சவ யாருன்னு நீ கேக்க மாட்ட, நானே சொல்றேன். உசிலம்பட்டியில பியூட்டி பார்லர் வச்சிருக்கா, பேரு ஷர்மிளா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, உரக்கடைக்கு மாடியில. அவகிட்டத்தான் இப்பப் போய்க்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் திரும்புவேன். வேற யாரும் இல்ல, என் மருமகதான். அந்த வார்த்தைய வாயால சொல்லவே கூசுது எனக்கு, ஆனா என்ன செய்ய, என் மகன் தாலி கட்டிட்டான்ல.

இரு, மொதல்லருந்து சொல்றேன். உசிலம்பட்டிக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

எனக்கு தைராய்டு வந்து ஒம்பது வருசம். அதுல தலமுடி கொட்டும்பாங்க, எனக்குப் புருவம் கொட்டிருச்சு. ரெண்டு பக்கமும் வால் பகுதியக் காணோம். பென்சிலால வரைஞ்சு ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். அடுப்படியில நின்னா வேர்வையில வழிஞ்சுரும். ஒரு தடவ என் ஓரகத்தி வீட்டு விசேசம். ஆரத்தித் தட்ட என் கையில குடுக்க வந்தவ, என் மூஞ்சியப் பாத்துட்டு, "அக்கா, நீங்க செத்த இருங்க"ன்னு சொல்லி இன்னொருத்தி கையில குடுத்துட்டா. பாத்ரூம்ல போயிப் பாத்தா ஒரு புருவம் மொத்தமா அழிஞ்சு கெடக்கு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு நான் யாரு கூடவும் பேசல.

எனக்கு ஒரே பையன். லோகேஸ்வரன். டிராக்டர் கம்பெனியில மெக்கானிக்கா இருக்கான். பொறுப்பான பிள்ள, சம்பளத்த என் கையிலதான் குடுப்பான், குடுத்துக்கிட்டு இருந்தான். அவன் ஒரு நாளு வந்து நிக்கிறான், உசிலம்பட்டியில ஷர்மிளான்னு ஒரு பொண்ணு, அவளத்தான் கட்டுவேன்னு.

நான் சாதி பாக்குறவ இல்ல, அத முன்னாடியே சொல்லிர்றேன். எங்க வீட்டுல யாரு வந்தாலும் உக்காத்தி வச்சு காப்பி குடுப்பேன். ஆனா அவ அப்பா சலூன் வச்சிருந்தவரு. மகளும் அதே மாதிரி ஊரு மூஞ்சியெல்லாம் தொட்டுக்கிட்டு இருக்கா. குடும்பம்னு இருந்தா ஒத்து வரணும்ல, அதத்தான் சொல்றேன். அதுக்குப் பேரு சாதி பாக்குறதா, நீயே சொல்லு. வேணாம், சொல்லாத, விடு.

அதுக்கு மேல, எங்க அண்ணனுக்கு நான் வாக்குக் குடுத்திருந்தேன். அண்ணன் மக இவனுக்கு முறைப்பொண்ணு. அது பொறந்தன்னைக்கே ஆஸ்பத்திரியில வச்சு, இது என் வீட்டுக்குன்னு சொல்லி வளையல் போட்டுட்டு வந்தவ நான். இருவத்து மூணு வருசமா அண்ணன் குடும்பம் அத நம்பிக்கிட்டு இருக்கு. இப்பப் போயி, என் மகன் வேற ஒருத்தியப் பாத்துட்டான்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?

லோகேசு சொன்னான், "அம்மா, அவளப் பத்தி உனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரே ஒரு தடவ அவ கையில போயி உக்காரு. உன் புருவத்த அவ சரி பண்ணுவா. அதுக்கப்பறம் பேசு." எனக்கு ரோசம் வந்துருச்சு. அண்ணனையும் எங்க வீட்டுக்காரரையும் கூப்புட்டு வச்சுக்கிட்டுச் சொன்னேன், "சரிடா. புருவம் நல்லபடியா அமைஞ்சா, அவள நானே மாலை எடுத்துக் குடுத்துக் கூட்டிட்டு வாரேன். அமையலன்னா நீ மாமன் மக கழுத்துல தாலி கட்டணும். அப்பறம் பேச்சு மாறக் கூடாது." அவன் உடனே சம்மதிச்சுட்டான். அவ கையி மேல அம்புட்டு நம்பிக்க. எங்க வீட்டுக்காரரு மட்டும், "புருவத்த வச்சா ஒரு பொண்ணோட வாழ்க்கைய முடிவு பண்ணுவ"ன்னாரு. அவரு அப்படித்தான். பேச வேண்டிய எடத்துல பேச மாட்டாரு, பேசக் கூடாத எடத்துல ஒரு வரி பேசுவாரு.

பங்குனி மாசம் போனேன். சின்னக் கடை. ஒரு சேரு, ஒரு கட்டிலு, ஒரு லைட்டு. உள்ள போனதும் தண்ணி குடுத்தா. அப்பறம் ஒரு பேப்பர எடுத்து வச்சுக்கிட்டு போலீசு மாதிரி கேள்வி கேட்டா. "அம்மாவுக்கு சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? ரத்தம் எளக்குற மாத்திர ஏதும் சாப்புடுறீங்களா? காயம் பட்டா சீக்கிரம் ஆறுமா?"

எனக்கு சுகர் பதினோரு வருசமா இருக்கு. வெறும் வயித்துல எடுத்தாலே இருநூறத் தாண்டும். சொல்லுவேனா நான்? சம்பந்தம் பேசுற எடத்துல எவளாவது எனக்கு இன்ன இன்ன நோவு இருக்குன்னு லிஸ்டு குடுப்பாளா? மாமியா நோயாளின்னு தெரிஞ்சா மறுநாளே அவ வீட்டுல பேசிருவாங்க. மாப்பிள்ள வீட்டுக்கு எளப்பம் அங்கருந்துதான் ஆரம்பிக்கும். ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கன்னேன். தைராய்டு மட்டும் சொன்னேன், அது மூஞ்சியிலயே எழுதிருக்கே.

அடுத்து கலரு. "காப்பிக் கலருல போடலாம்மா, ஒங்க தோலுக்கு அதுதான் நெலைக்கும். அடர்கருப்பு போட்டா போகப் போக நீலம் பாஞ்சுரும்"னா. நான் சொன்னேன், "புருவம்னா கருப்பு. காப்பி குடிக்கிறதுக்கா வந்தேன்." "எண்ணப் பசையுள்ள தோலும்மா, கோடு கொஞ்சம் பரவும், அதான் சொல்றேன்"னா. ஏன், என் தோலக் கொற சொல்றியான்னேன். பேசாம கருப்ப எடுத்தா. அப்பவும் கொஞ்சம் காப்பிக் கலரக் கலந்துதான் போட்டா, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

நூல வச்சு அளந்து, பேனாவால குறிச்சு, கண்ணாடியக் கையில குடுத்து சரியான்னு கேட்டு, அழிச்சு, மறுபடி குறிச்சு, அதுக்கே முக்கா மணி நேரம். அப்பறம் மரத்துப் போற கிரீம தடவிட்டு ஆரம்பிச்சா. ரெண்டு மணி நேரம் கண்ண மூடிப் படுத்துக் கெடந்தேன். அவ கையி ஒரு தடவ கூட நடுங்கல. அதையும் சொல்லணும்ல, சொல்லிட்டேன். காசு வேணாம்னுட்டா. அதுவும் ஒரு தந்திரம்தான்.

கெளம்பும்போது இன்னொரு பேப்பரு. பத்து நாளைக்கு மூஞ்சியில தண்ணி படக் கூடாது. மஞ்ச ஆகாது, எண்ண ஆகாது, சோப்பு ஆகாது. வெயிலு, வேர்வ, அடுப்பு அனலு ஒண்ணும் ஆகாது. அஞ்சாறு நாள்ல பக்குக் கட்டி அரிக்கும், அதப் பிச்சுரக் கூடாது, அதுவா உதிரணும், நாம பிச்சா மையும் சேந்து வந்துரும். நாப்பது நாளு கழிச்சு இன்னொரு தடவ வரணும், மொதத் தடவயிலயே யாருக்கும் முழுசாப் பிடிக்காது, விட்டுப்போன எடத்த ரெண்டாந்தடவ போட்டு நெறைக்கணும். இம்புட்டும் அச்சடிச்சு வச்சிருக்கா. தன் வேலையில நம்பிக்க உள்ளவ இப்படி ஒரு பேப்பரக் குடுப்பாளா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தப்பிச்சுக்குறதுக்கு இன்னைக்கே நொண்டிச் சாக்கு. அப்பவே எனக்குப் பிடிக்காமப் போச்சு.

நாலாம் நாளு எங்க ஊரு மாரியம்மன் கோயில் தீச்சட்டி. பதினாறு வருசமா எடுக்குறேன். லோகேசு பெறகு கேட்டான், "திருவிழாத் தேதி தெரிஞ்சும் எதுக்கும்மா அன்னைக்குப் போயி உக்காந்த"ன்னு. தெரியாம என்ன, காப்புக் கட்டிட்டுத்தான் போயி உக்காந்தேன். ஆத்தாளுக்குச் செய்யிறதத் தடுக்குற மேக்கப் என்னடா மேக்கப்பு? மூஞ்சி நெறைய மஞ்ச, மேல வேப்பலத் தண்ணி, உச்சி வெயிலு, கையில நெருப்பு. நாலு தெரு சுத்தி வந்தேன். மறுநாளு மஞ்சத் தண்ணி வெளயாட்டு. கொழுந்தன் முறைக்காரனுக ரெண்டு பேரு ஒரு அண்டாத் தண்ணிய அப்படியே தலையில கவுத்துட்டானுக. முறைக்காரன் ஊத்துனா வேணாம்னு சொல்ல முடியுமா?

அவ்வளவுதான். பத்து நாளு கழிச்சுப் பாத்தா புருவம் இந்த லட்சணத்துல இருக்கு. நடந்தது அதுதான்.

பதினஞ்சாம் நாளு எங்க வீட்டுல கூடுனோம். அண்ணன் வந்துருச்சு, எங்க வீட்டுக்காரரு, லோகேசு. அவளையும் வரச் சொல்லிருந்தேன். தனியாத்தான் வந்தா, கையில ஒரு சின்ன லைட்ட எடுத்துக்கிட்டு. நான் கூடத்துல சேரு போட்டு உக்காந்துருந்தேன். "பாத்துக்கங்க, எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. ரெண்டு புருவத்த ஒழுங்கா வரையத் தெரியாதவ என் குடும்பத்த நடத்தப் போறாளாம்"னேன். லோகேசு மூஞ்சி செத்துப் போச்சு.

அவ என் கிட்ட வந்து, "அத்தை, நான் பாக்கலாமா"ன்னா. அன்னைக்கு வரைக்கும் அம்மான்னவ அன்னைக்குன்னு அத்தைங்குறா. தாடையப் பிடிச்சு மூஞ்சிய நிமித்தி, லைட்ட அடிச்சுப் பாத்தா. வலதப் பாத்தா. அப்பறம் இடதப் பாத்தா. இடத ரொம்ப நேரம் பாத்தா. வெரல வச்சு லேசாத் தடவிப் பாத்தா. அப்பறம் லைட்ட அணைச்சுட்டு என் கண்ணப் பாத்தா. ஒரே ஒரு தடவ.

திரும்பி எங்க அண்ணன்கிட்டச் சொல்றா, "என் தப்புதாங்க. இடது பக்கம் ஆழம் சரியாப் போகல. மை பிடிக்கல. அத்தை மேல ஒரு கொறையும் இல்ல."

அண்ணனுக்குச் சந்தோசம் தாங்கல, "அப்பறம் என்ன, அதுவே ஒத்துக்கிருச்சே"ன்னுச்சு. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துருக்கணும். நான் அடிச்சேன் பாரு ஒரு சத்தம், ஊரே கூடிருச்சு. என்னென்ன சொன்னேன்னு இப்ப எனக்கே ஞாவகம் இல்ல. அவ அப்பன் தொழில இழுத்தேன், அது ஞாவகம் இருக்கு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னா.

அத்தோட விட்டேனா? போட்டோ எடுத்தேன். எங்க மகளிர் குழு வாட்சப்புல போட்டேன். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டின்னு இருநூத்துச் சொச்சம் பொம்பளைக இருக்காங்க அதுல. "உசிலம்பட்டி உரக்கடை மாடிக்கு எவளும் போயிராதீங்க, மூஞ்சியக் கெடுத்து அனுப்பிருவா"ன்னு பேசியும் போட்டேன். ரெண்டு நிமிசம் பேசிருக்கேன். எவ எவளோ அதக் கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணி அழுதா, சிரிச்சா, நன்னின்னு சொன்னா.

லோகேசு என்ன செஞ்சான்னு நெனைக்கிற? பேச்சு மாற மாட்டேன்னு சொன்னவன், மாறிட்டான். "செஞ்ச தப்ப நாலு பேரு முன்னாடி ஒத்துக்கிட்டவம்மா அவ. அவளப் போயி இப்படிப் பேசுன பாரு. மாமன் மகளுக்கு நான் செய்யிற துரோகம் பெருசா, இவளுக்கு நீ செஞ்சது பெருசா?" அப்படின்னு கேட்டுட்டு, சித்திரை கடைசியில பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். வைகாசியில ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம். எங்களுக்குப் பத்திரிக்க இல்ல, போனு மட்டும்தான். அண்ணன் மகளுக்கு ஆனியில கம்பத்துல மாப்பிள்ள அமைஞ்சுருச்சு, நல்லாருக்கு. அண்ணன்தான் இப்ப என் போன எடுக்குறதில்ல.

பாத்தியா, ஒரு பொய்யச் சொல்லி என் மகனத் தூக்கிட்டுப் போயிட்டா. அவ அன்னைக்குச் சொன்னது முழுப் பொய்யி. ஆழம் போகலயாம், மை பிடிக்கலயாம். பொய்க்காரி.

என்னது? பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியுமா?

ஒனக்கு வாய் நீளம்தான். இம்புட்டு நேரம் ஊமை மாதிரி உக்காந்துருந்துட்டு கேக்குறா பாரு கேள்வி.

நீ எந்த ஊருன்ன? மதுரையில எறங்கி விருதுநகர் போகணுமா. அப்ப நீ யாரோ, நான் யாரோ. கேட்டுக்க. இத எங்க வீட்டுக்காரருகிட்டக் கூட நான் சொல்லல.

ஏழாம் நாளு காலையில குளிக்கப் போனேன். கண்ணாடியில பாத்தேன். வலதுல அங்கங்க விட்டுப் போயிருந்துச்சு, தீச்சட்டியோ மஞ்சத் தண்ணியோ சுகரோ, என்ன எழவோ. ஆனா இடது, பக்கு லேசா உதிர ஆரம்பிச்ச எடத்துல, உள்ள ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது. இருவத்தஞ்சு வயசுல எனக்கு இருந்த புருவம் அது. வால் பகுதி கூட அப்படியே, லேசா வளைஞ்சு. அத்தன நெருப்பு, அத்தன தண்ணிக்குப் பெறகும் நின்னுருந்துச்சும்மா. நான் அழுதுட்டேன். இப்பவே போயி ஓரகத்தி வாசல்ல நிக்கணும், குடுடி தட்டன்னு கேக்கணும்னு தோணுச்சு.

அப்பறம் அண்ணன் ஞாவகம் வந்துச்சு. வலத ரெண்டாந்தடவயில சரி பண்ணிருவா. அப்ப ரெண்டும் அமைஞ்சுரும். அமைஞ்சா மாலை எடுத்துக் குடுக்குறேன்னு சொன்னவ நான்.

பீர்க்கங்கா நாரு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, முதுகு தேய்க்கிறதுக்கு வச்சிருக்கது. எடுத்தேன். தேச்சேன். மொதல்ல பக்கு வந்துச்சு, அப்பறம் மை வந்துச்சு, அப்பறம் ரத்தம் வந்துச்சு. சுகர் ஒடம்புல்ல, நிக்க மாட்டேங்குது. துண்ட வச்சு அமுக்கிக்கிட்டு தரையில உக்காந்துட்டேன். வெளிய எங்க வீட்டுக்காரரு, "என்ன இம்புட்டு நேரம்"ங்குறாரு. வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டேன். பயத்துல வலதத் தொடல. இல்லன்னா அதையும் தேச்சிருப்பேன்.

என்ன பாக்குற? ஆமா, நான்தான் செஞ்சேன். ஆனா அவள யாரு அம்புட்டு நல்லாச் செய்யச் சொன்னது? சுமாரா செஞ்சிருந்தான்னா எனக்கு இந்தப் பாவம் வந்துருக்குமா?

அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. லைட்டடிச்சுப் பாத்தாள்ல, நாரு இழுத்த கோடு கோடா இருந்துச்சு தோல்ல, தொழில் தெரிஞ்சவளுக்குத் தெரியாதா. தெரிஞ்சுதான் என் கண்ணப் பாத்தா. பாத்துட்டு, தப்ப அவ தலையில தூக்கிப் போட்டுக்கிட்டா. ஏன் போட்டுக்கிட்டா? இத்தன மாசமா யோசிக்கிறேன். நல்லவன்னு பேரு வாங்கவா? என்ன அவ காலடியிலயே வச்சுக்கிறதுக்கா? அப்படின்னா இந்நேரம் லோகேசுகிட்டச் சொல்லிருக்கணும்ல. சொல்லல. அவன் ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான், "அவ உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசுறதில்லம்மா, நீதான் பேசுற"ம்பான். ஒரு வார்த்த, "அத்தை, இது நீங்க தேச்சது"ன்னு அன்னைக்கே சொல்லிருந்தான்னா, நான் இல்லன்னு சாதிச்சிருப்பேன், அவ சண்டைக்கு வந்துருப்பா, நானும் நாலு பேச்சுப் பேசிருப்பேன், ரெண்டு பேருக்கும் சரியாப் போயிருக்கும். மனுசி அதத்தானே செய்வா. இவ வாயத் தொறக்க மாட்டேங்குறா.

போன வாரம் லோகேசு வந்தான். உள்ள வரல, ஹெல்மெட்டக் கூட கழட்டல. ஆவணியில பதினோரு கல்யாணப் பொண்ணு அலங்காரம் அவகிட்டச் சொல்லிருந்தாங்களாம். ஒவ்வொருத்தரா வேணாம்னுட்டாங்களாம். என் போட்டோவ அவகிட்டயே காட்டி வேணாம்னு சொல்லிருக்கா ஒருத்தி. கடை ஓடல. மஸ்கட்ல ஒரு பார்லர்ல ஆளு கேக்குறாங்க, எனக்கும் அங்க ஒர்க்‌ஷாப்புல வேல இருக்கு, மாசக் கடைசியில ரெண்டு பேரும் கெளம்புறோம், வர்றதுக்கு மூணு வருசமோ நாலு வருசமோன்னான்.

அப்பறம் அவனே சொன்னான், "போகாம இருக்குறதுக்கு ஒரே ஒரு வழிதாம்மா இருக்கு. நீ வந்து அவகிட்ட உக்காந்து ரெண்டாந்தடவ போட்டுக்க. அவ சரி பண்ணித் தாரேங்குறா. சரியானதும் அதே குரூப்புல நீயே போட்டோ போடு. கடை நிமிந்துரும், நாங்க இங்கயே இருந்துருவோம்." நான் சரின்னு தலைய ஆட்டிட்டேன். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான், ஒரு வாய் தண்ணி குடிக்காம.

முந்தாநாளு தேனியில தோலு டாக்டர்கிட்டப் போனேன். அவரு பாத்ததும், "நோண்டுனீங்களாம்மா"ன்னாரு. இல்லன்னேன். சிரிச்சாரு. "தழும்பு விழுந்துருக்கு. தழும்புல மை லேசுல பிடிக்காது. சுகர் வேற இருக்கு, கொறைச்சுட்டுத்தான் கையே வைக்கணும். செய்யப் போற பிள்ளகிட்ட ஒண்ணு விடாம சொல்லிருங்க. எப்ப காயம், எதால காயம், எம்புட்டு ஆழம், எல்லாம். அது தெரிஞ்சாத்தான் அதுக்குத் தக்கன செய்ய முடியும். மறைச்சா மறுபடி இப்படித்தான் வரும், அப்பறம் ஒண்ணும் செய்றதுக்கில்ல"ன்னாரு.

மறுபடி இப்படி வந்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. போட்டோ போட முடியாது. அவன் போயிருவான். எங்க வீட்டுக்காரருக்கு அறுவத்து நாலு வயசு. நாலு வருசம்.

அதான் போறேன். சுகர் பேப்பர எடுத்து பையில வச்சிருக்கேன், அதக் குடுத்துருவேன். கேள்வி கேட்டு எழுதுவாள்ல, அப்ப நீட்டிருவேன், அது கஷ்டமில்ல. மத்தது இருக்கே. பீர்க்கங்கா நாரு. அத எப்படிச் சொல்ல? நானா ஆரம்பிச்சு, இந்த வாயால, அவகிட்ட? முடியாதும்மா. அவ கேட்டா சொல்லிருவேன். "ஏன் அத்தை இப்படிச் செஞ்சீங்க"ன்னு கேட்டா, திட்டிக்கிட்டாவது சொல்லிருவேன். அத நெனச்சுத்தான் பஸ் ஏறுனேன். அப்படி ஒரு கேள்வி கேக்குறதுக்கு அவளுக்கு அருகத இருக்குல்ல, கேக்கட்டும், நாலு பேரு முன்னாடி வேணும்னாலும் கேக்கட்டும்.

ஆனா அவ கேக்க மாட்டா. எனக்குத் தெரியும் அவள. என்னப் படுக்க வைப்பா. கண்ண மூடிக்கச் சொல்லுவா. ரெண்டு மணி நேரம் என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு உக்காந்து, அந்தத் தழும்பு மேலயே கைய வச்சுக்கிட்டு, "வலிக்குதா அத்தை"ன்னு கேப்பா. அத மட்டும்தான் கேப்பா, பாவி மக.

காலை மடக்கும்மா. உசிலம்பட்டி வந்துருச்சு, நான் எறங்கணும்.